எப்ரோ ஆற்றுத் தொங்குபாலத்தில் வசந்தியும் நானும்

கடந்த செப்டம்பரில் நானும் வசந்தியும் ஸ்பெயினுக்குப் போனோம். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் வோபர்னில் ஒரே பேஸ்மென்ற் அறையில் நான்கு வருடம் இருந்தவர்கள் நாங்கள். மிசிசாகாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. போக மூன்று பஸ், வர மூன்று பஸ். தூங்கிவிடாமலிருக்க, பார்க்கப்போகும் நாடுகளைச் சொல்லிக்கொண்டே வருவோம். ஒன்றுக்கும் போகவில்லை. வசந்தி மெல்பேர்னில் மகனோடு நிரந்தரமாக இருக்கப்போகிறாள் என்று முடிவான பிறகுதான் டிக்கெட் எடுத்தோம்.

பார்சிலோனாவிலிருந்து, எப்ரோ ஆற்றுப் பாலம் இருக்கும் அம்போஸ்தா ஊர் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே; டாக்சிக்கு 15 யூரோ. வழியெல்லாம் அறுவடைக்கு நின்ற நெல்வயல்.

"ஸ்பெயினில நெல்லோ!" என்று வசந்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

பாலத்தை ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தகர்த்ததையும் பிறகு திருப்பிக் கட்டியதையும் டிரைவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கட கதைதான்" என்றாள் வசந்தி என்னிடம்.

நூறு வருடப் பழமையான பாலம். இரு கரையிலும் பெரிய கல் வளைவுகள், அவற்றிலிருந்து தாழ்ந்து ஏறும் இரும்பு வடங்கள். நடந்து கடக்கக் கட்டணம் இல்லை. கார் போகும்போது காலடி மெல்ல அதிரும். முதல் அதிர்வில் வசந்தி என் கையைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் உறைபனியில் பஸ்ஸுக்கு ஓடும்போதும் இப்படித்தான் பிடிப்பாள்.

நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள். "எடி, எனக்கு மெல்பேர்ன் போக விருப்பமில்லை."

"வீட்டை விக்கக் குடுத்திட்டாயெல்லே?"

"இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. பிள்ளை ஆசையாக் கேட்டான், ஓம் எண்டிட்டன். அங்க எனக்கு ஆரைத் தெரியும்?"

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே பயம், என் தனிமைக்காகத் தாயையும் மகனையும் பிரிக்கிறேனோ என்று. "என்னட்டச் சொல்லி என்ன? அவனிட்டச் சொல்லு" என்றேன்.

அங்கேயே போன் எடுத்தாள். "தம்பி, நான் வந்து நிண்டிட்டுப் போறன். ஒரேயடியா இருக்க வரேல்லை." அதன்பின் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"என்னவாம்?"

"எனக்கெண்டு அறைக்குப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறானாம். 'பரவாயில்லை அம்மா, வருசத்தில மூண்டு மாசமாவது அதில வந்து இருங்கோ' எண்டுறான்."

போக நினைப்பவர்களுக்கு: ஒரு பகல் போதும். காற்று பலம், தொப்பி வேண்டாம். திரும்பும் ரயில் நேரத்தை முதலே பாருங்கள். நாங்கள் பார்க்காமல் ஸ்டேஷனில் காத்திருந்தோம், இருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. துணைக்கு யாரைக் கூட்டிப்போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், தள்ளிப்போடாதீர்கள்.

மார்கழியில் வசந்தியை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும் திகதியை இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.