மச்சான் ஜீப்பும் ஒரு செங்கல்லும்

என் மச்சானுடைய பழைய குட்டி ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல் வைப்பான்.

இன்று சேத்தியாத்தோப்பில், தண்ணியில்லாத வெள்ளாற்று மணலில் என்னை உட்கார வைத்து ஓட்டினான்.

"மாமா, கெட்டியா புடிச்சிக்குங்க. ஹேண்ட் பிரேக்க இழுத்து அப்படியே சறுக்கித் திருப்பறேன்."

"அதான் புடிக்காதேடா."

"நேத்துதான் டைட் வச்சேன்."

இழுத்தான். பிடித்துவிட்டது. ஜீப் பாதி சுற்றி, என் பக்கத்துச் சக்கரம் இரண்டும் மேலே போய், கவிழலாமா வேண்டாமா என்று யோசித்து, தொப்பென்று உட்கார்ந்தது. எனக்குக் குலதெய்வத்தின் பெயரே மறந்துபோச்சு.

"பாத்தீங்களா மாமா, எப்படிப் புடிக்குது."

பிடித்த பிரேக் விடவே இல்லை. டிராக்டர் வந்துதான் இழுத்தது.

அந்தச் செங்கல் இனி ஜீப்புக்குத் தேவையில்லை. மச்சான் காலுக்கு அடியில்தான் வைக்கணும். ஒன்று போதுமா, இரண்டு வேணுமா, சொல்லுங்க.