ஒரே பேர், ரெண்டு பாட்டில்

சோதனைக்கூடத்தில் கண்ணாடி கழுவுகிற வேலையில், பளிச்சென்று கழுவினால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு அழுக்கு நின்றால் எல்லாரும் பார்ப்பார்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒன்றாகக் கொட்டியது

அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். எட்டு மாதப் பாப்பாவைச் சங்கராபுரத்தில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு மேடத்தின் சோதனைக்கூடத்தில் தங்கி வேலை பார்த்தேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிறு முழுக்கப் பாப்பா என் மடியில்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே பேர் எழுதின பொடி ரெண்டு பாட்டிலில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தது. பிளாஸ்டிக்குக்குப் பங்காளி மாதிரியான, கிருமியைக் கொல்லச் செய்த பொடி அது. மணி கோத்த மாதிரி சங்கிலி சங்கிலியாகச் செய்தது என்பார் மேடம். வீட்டில் உப்பைக் கொட்டி வைப்பதுபோல ஒன்றாகக் கொட்டி, காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். மேடம் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “பேரு ஒண்ணுதாம்மா. ஆனா ஒண்ணு குட்டைச் சங்கிலி, ஒண்ணு நீளச் சங்கிலி. கிருமிய எது கொல்லுதுன்னுதானே பாத்துக்கினு இருக்கேன்? இந்த வாரம் ஊருக்குப் போவாத, மொதல்லேருந்து செய்யணும்.”

புளியமரம்

திங்கட்கிழமை லீவு தந்தார். அதற்குள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மூணு நாள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். பால் கட்டி மார்பு கல்லாகி, ரவிக்கை நனைய, முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். யாரையும் கேட்கக் கூச்சம். கடைசியில் ஒரு கண்டக்டரே கேட்டார்: “இன்னாம்மா, தெனம் வந்து நிக்கிற? ரோட்டுல புளியமரம் படுத்துகினு கீது, பஸ்ஸு தாண்டிக் குதிக்குமா?” மறியல்காரர்கள் வழிநெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்களாம்.

தட்டு

அன்றைக்குக் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளை மேடம் காட்டினார். ஒன்றில் குட்டைச் சங்கிலிப் பொடி வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருந்தது. நீளச் சங்கிலி வைத்த பக்கத்துத் தட்டில் கிருமி அப்படியே இருந்தது. ரொம்பக் குட்டையானால் பிடிப்பு இல்லை, ரொம்ப நீளமானால் கிருமியின் தோலைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும் என்றார். வாசலில் நிற்பது என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் என் ரவிக்கையைப் பார்த்தார். “அடிப்பாவி, சொல்றதுக்கென்ன? காலைல நடந்தே போயிடு. தட்டை நான் கழுவிக்கிறேன்.”

முந்தானை

விடிந்ததும் கிளம்பி, விழுந்த மரங்களில் ஏறி இறங்கி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். பாப்பா என்னைப் பார்த்து நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சோப்பு வாசம் போக ரெண்டு தரம் குளித்துவிட்டு மார்பில் வைத்தேன், திரும்பிக்கொண்டாள். அழுது அழுது என் மடியிலேயே தூங்கிப்போனாள். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாத்தனார் சிரித்தாள்: “பாலை மறந்துட்டா அண்ணி. பொடவைய மட்டும் வுடமாட்டேங்குறா பாருங்க.”

நீளமானது கிருமிக்கு உள்ளே போகாது என்று மேடம் நோட்டில் எழுதி வைத்தார். அவ்வளவு நீளமான சங்கராபுரம் ரோடு மட்டும் எனக்குள்ளே எப்படிப் போனது என்று எந்தத் தட்டிலும் தெரியவில்லை.