ஊமைக்காயத்துக்கு மூன்று சாட்சி

"இதற்கு என்ன சொல்லுவீர்? நான் சொல்ல மாட்டேன். நீரே சொல்லும்."

ஜட்காக்காரன் முழங்காலை ஊதிக்கொண்டிருந்தான். ரிச்சர்ட்ஸ் டவுன் முனையில் குதிரை மிரண்டு அவன் சரளையில் விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னாத்தச் சொல்றது சாமி? எரியுது. தண்ணி இருந்தா குடு."

"தோல் போயிருக்கிறதே, அதற்குப் பெயர்?"

"சிராய்ப்பு. போதுமா? இப்பவாச்சும் தண்ணி குடுப்பியா?"

தியோடர் முன்ஷி பென்சிலை நாக்கில் தொட்டுத் துண்டுச்சீட்டில் எழுதினார். சிராய்ப்பு, மூன்றாம் சாட்சி. பிறகுதான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார்.

அது 1912. மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு சிறு புத்தகம் போடப் போகிறார். சீமையிலிருந்து புதிதாக வரும் நர்சுகளுக்கு, நோயாளிகள் தங்கள் வாயால் சொல்லும் வார்த்தைகள். ஒரு வார்த்தைக்கு ஒரு சீட்டு. மூன்று வீட்டு ஆட்கள் மூன்று பேர் சொல்லியிருக்க வேண்டும். கேட்பவர் அந்த வார்த்தையைத் தன் வாயால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த விதியை ஏற்படுத்தியவர் தியோடர்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து இருபத்துமூன்று வயதில் வந்தவர். பதினான்கு வருஷமாகத் துரைமாருக்கும் பாதிரிமாருக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். டாக்டரம்மாவின் தமிழும் அவர் கொடுத்ததே. "உமக்கு எவ்விடத்தில் நோகிறது?" என்று அந்த அம்மாள் கேட்கும்போது தியோடருக்குப் பெருமையாக இருக்கும். நோயாளி மட்டும் பக்கத்தில் கட்டுப் போடுகிறவளைப் பார்த்து, "அம்மா இன்னா கேக்குது?" என்பாள்.

கட்டுப் போடுகிறவள் கேத்தரின். அவருடைய மனைவி. பட்டாளம் இருக்கும் இந்தத் தண்டுப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள், நாலாங்கிளாஸ்.

ஜனவரியில் டாக்டரம்மா அவளிடமும் ஒரு கட்டு வெற்றுச் சீட்டைக் கொடுத்தார். லெந்து நோன்பு நாள் வருவதற்குள் தியோடரிடம் பத்தொன்பது வார்த்தைகள், அவளிடம் நாற்பத்திரண்டு. அவள் அடுப்படியில் இருக்கும்போது தியோடர் எண்ணிப் பார்த்திருந்தார். காயத்துணிக் கிழிசலால் கட்டி வைத்திருந்தாள். கார்பாலிக் வாடை அடித்தது. சிராய்ப்புக்குப் பெரிய 'றா' போட்டிருந்தாள். அன்று இரண்டு கவளம் அதிகம் சாப்பிட்டார்.

புத்தகத்தில் உதவியவர் பெயர் ஒன்றுதான் அச்சாகும். கடைசிப் பிரதியை யார் சரிபார்க்கிறாரோ அவர் பெயர். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொல்ல என்ன இருக்கிறது என்பது தியோடருக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது கேட்டார். "அதென்ன, காயத்துக்கு ஊமை?"

"என் சீட்டைப் பாத்தீங்களா?"

"கண்ணில் பட்டது."

"ரத்தம் வந்தா எல்லாரும் நம்புவாங்க. கீறல்னா நகம், முள்ளு ஏதோ ஒண்ணு தெரியும். இது உள்ளயே இருக்கும், வெளிய சொல்லாது. மில்லுல மேஸ்திரி இதுக்கு லீவு தர மாட்டான். பொம்பளைங்க வந்தா கதவைச் சாத்திட்டு முதுகைக் காட்டுவாங்க. 'ஊமைக்காயம்மா'ம்பாங்க. அதுக்கு மேல நானும் கேக்க மாட்டேன்."

"கன்றல் என்று நல்ல சொல் இருக்கிறது."

"இருக்கட்டுங்க. யாரு சொல்றாங்க?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். ஊரில் பாதி அவளிடம் முதுகைத் திறந்து காட்டுகிறது. அவரிடம் யாரும் முழங்காலைக்கூடக் காட்டுவதில்லை. அவராகப் போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு சரிபார்க்கக் கிளம்பினார். தையற்காரர் ரெமிஜியஸ் மெஷினை நிறுத்தி எழுந்து நின்றார். "ரத்தம் வராத காயமா? காயம்னுதாங்க ஐயா சொல்றது." தபாலாபீஸ் சேஷகிரி, "கன்றிப்போதல் என்பார்கள்" என்றார், பரீட்சையில் நிற்பவரைப்போல. மூன்றாவதாக வண்ணாரப் பெண்ணொருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததா சாமி? நீங்க சொன்னா சரிதான்."

மூன்று பேர், மூன்று வீடு. அவர் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. விதி மீறவே இல்லை.

திரும்பும் வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில், பாளையங்கோட்டையில், வாத்தியார் சட்டைக்கு மேலாகவே பிரம்பால் அடித்தார். சட்டையைக் கழற்றி அம்மாவிடம் காட்டி அவர் சொன்னதும் இதே வார்த்தைதான். நடையை எட்டிப் போட்டார். வீட்டுக்கு வந்து கேத்தரின் சீட்டை உருவி, சிவப்பு மையால் எழுதினார்: வழக்கில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில், இரும்புக் கட்டில்களுக்கு நடுவே போட்ட மேஜையில், டாக்டரம்மா அந்தச் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"கேத்தரின், இச்சொல் வழக்கில் இல்லையாமே?"

கேத்தரின் சிவப்பு மையைப் படித்தாள். கணவனைப் பார்த்தாள். "சொன்னவங்க மூணு பேரு பேரும் கீழயே இருக்குதும்மா."

"முன்ஷி விசாரித்திருக்கிறார்."

"இந்தக் கோட்டோட போயா விசாரிச்சீங்க?" என்று அவரிடமே கேட்டாள். குரல் உயரவில்லை.

டாக்டரம்மா சீட்டுக்கட்டு முழுவதையும் கேத்தரின் பக்கம் தள்ளினார். "ஒவ்வொன்றாக வாசி. நான் கேட்கிறேன்."

"எழுத்துப்பிழை இருக்கும். நான் வாசிக்கிறேன்" என்று தியோடர் துள்ளி எழுந்து கையை நீட்டிப் பாய்ந்தார். கட்டிலின் இரும்பு மூலை தொடையில் இடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா குனிந்து, வேட்டியை விலக்கிப் பார்த்தார். "இரத்தம் இல்லை. தோலும் போகவில்லை. ஒன்றுமில்லை, முன்ஷி. எழுந்திரும்."

"ஒன்றுமில்லையா?"

"காயம் இல்லையே."

அவருக்கு மூச்சு வாங்கியது. உயிர் போகிற வலி. அந்த அம்மாளோ கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்புகிறார். "இருக்குது டாக்டரம்மா! உள்ளே இருக்குது. ஊமைக்காயம்!"

மூலைக் கட்டிலில் கிடந்த கிழவர், "ஆமா, பாவம், அதேதான்" என்றார்.

கேத்தரின் சிரிக்கவில்லை. முதலில் ஈரத்துணி நனைத்து அவர் தொடையில் வைத்து அழுத்தினாள். பிறகு சீட்டை எடுத்து நாலாம் சாட்சி என்று எழுதினாள்.

"ஊரு எதுங்க போடட்டும்? பாளையங்கோட்டையா, ரிச்சர்ட்ஸ் டவுனா?"

அவர் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாளையங்கோட்டை" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. தொடை நீலமாகி வீங்கியிருந்தது. கேத்தரின் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் சேவகன் சீட்டுக்கட்டும் ஒரு கடிதமும் கொண்டுவந்தான். கடைசிப் பிரதியைக் கேத்தரின் சரிபார்ப்பாள், முன்ஷி எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று இருந்தது. உட்கார முடியாததால் அலமாரித் தட்டில் சீட்டுகளை வைத்து நின்றபடி பார்த்தார். அறுபத்தொரு சீட்டில் இருபத்தேழு பிழை. திருத்தினார். மத்தியானம் சோறு சாப்பிட்டார். மூன்று மணிக்கு ஒரு லெப்டினென்டுக்குப் பாடம் இருந்தது. போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.