பாக்கியம் வைத்த தேதி

"எதிர்காலத்துலயா? அப்ப நான் நாளைக்கே வந்து வேல பாத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லுதாக்கும் இந்தப் பொட்டி?"

வாலிநோக்கத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் பாக்கியம் என்னிடம் கேட்ட கேள்வி இது. திரையில் வந்த ஆங்கில வரியை அப்போதுதான் தமிழில் சொல்லியிருந்தேன். 'டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது.'

ஜன்னல் வழியாக உப்பளத்துக் காற்று. புதுப்பூட்டு மூன்றே மாதத்தில் துருவேறும் ஊர்...

நான் கணக்கு வாத்தியார். பாக்கியம் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர், உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. காலையில் போட்டால் அந்த வரியைக் காட்டிவிட்டு, பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். அந்தப் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் பீரியடில் பாதி அதற்கே போகும்.

தலைமையாசிரியருக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

"ஏம்மா, நேத்து ஒழுங்கா அணைச்சியா, இல்ல பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடிட்டியா?"

"அணைச்சேன் சார். சாமி சத்தியமா."

மெமோ கொடுத்தார். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குத்தான்.

ஜூனில் தங்கை கல்யாணத்துக்காகப் பாக்கியம் ஒரு வாரம் லீவு. திங்கட்கிழமை நான் சரிசெய்து கொடுத்தேன். அதன்பின் வெள்ளி வரை ஒரு நாள்கூட அது நிற்கவில்லை.

"பாத்தீரா? அந்தம்மா இல்லேன்னா மிஷினு குதிர கணக்கா ஓடுது" என்றார் தலைமையாசிரியர். இரண்டாவது மெமோவை எழுதியும் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா அந்த வாரம் கொடுத்த மாற்றுச் சான்றிதழோடு வந்தார்.

"சார், எம்மக ரெண்டாயிரத்துல நாலாப்புதான படிச்சா? பத்து முடிச்சுட்டான்னு போட்டுருக்கீக!"

வாங்கிப் பார்த்தேன். தேதி 1-1-2000. கீழே தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்து.

விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓடவைக்க நாணயம் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அதைப் பிடிக்கும் தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது. சாயங்காலம் மெயினை அணைத்தால், மறுநாள் கடிகாரம் 2000 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். புதுப் பேட்டரி போட்டாயிற்று என்று மற்றவர்கள் தேதியைக் கவனிக்கவே இல்லை. பாக்கியம் மட்டும் சான்றிதழில் தேதி தப்பாக வரக்கூடாதென்று தினமும் சரியாக மாற்றிவைப்பார். டிஸ்கில் உண்மைத் தேதி பதிவாகும். மறுநாள் பழைய தேதியில் எழும் கம்ப்யூட்டருக்கு நேற்று என்பது எதிர்காலம்! அவர் வராத வாரம் டிஸ்கிலும் 2000 என்றே பதிவானதால் அது நிற்கவில்லை; சில மணி நேர வித்தியாசத்தை அது பொருட்படுத்தாது.

தேதியைச் சரியாக வைத்த குற்றத்துக்கு மெமோ...

இன்னொரு வெட்கமும் எனக்கு இருந்தது. அந்த வரியைச் சொன்னது, டிஸ்க் சரிபார்க்கும் புரோகிராம்கள் உதவிக்குக் கூப்பிடும் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது பொதுவான நிரல் தொகுப்பு. அதன் பிழைகளைத் திருத்திப் பராமரிக்கும் மூன்று பேரில் நானும் ஒருவன். சனிக்கிழமைச் சாயங்காலங்களில் இராமநாதபுரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் பார்த்த வேலை அது. ஒருவர் திருத்தினால் இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டே வரியில் திருத்தம் எழுதினேன். வகுப்பில் சொல்வதுபோல ஓர் உதாரணம்: ஒருவன் எதிரே நின்று, "நான் இன்னும் பிறக்கவில்லை" என்றால் அவன் சொல்வதை நம்புவோமா? அதேபோல, இந்த லைப்ரரி உருவான நாளுக்கும் முந்தைய தேதியைக் கடிகாரம் காட்டினால், பொய் சொல்வது கடிகாரம். எச்சரித்துவிட்டு வேலையைத் தொடரட்டும்.

வெளிநாட்டிலிருந்து மற்றொரு பராமரிப்பாளரின் பதில் வந்தது. 'பயனர் தவறு. பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். இது அபூர்வமான நிலை.'

அந்த வருடம் நான்கு பேட்டரி மாற்றியிருந்தோம்; தகடு துருவேறினால் புதுப் பேட்டரியும் பயனில்லை! எங்கள் தலைமையாசிரியரே கடல் தாண்டிப் போய் உட்கார்ந்து எழுதியதுபோல இருந்தது.

திங்கட்கிழமை பாக்கியத்திடம் சொன்னேன். மேசை டிராயரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார்.

"அர்த்தம் தெரியாது சார். அடுத்த வீட்டுக் கோலத்தப் பாத்து வரையிற மாதிரி எழுத்தப் பாத்து எழுதி வச்சேன். நாளப்பின்ன என்னயத் திட்டுனா காட்டலாம்னு."

ஒவ்வொரு காலையும் திரையில் வந்த வரி, எழுத்துப் பிசகாமல். அருகில் சுவர்க்கடிகார நேரம். அவர் வராத வாரம் மட்டும் காலி.

அத்தனையையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'வாலிநோக்கத்தில் இது அபூர்வம் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கிறது.'

திருத்தம் ஏற்கப்பட்டது. ஆனால் பிழையைத் தெரிவித்தவர் பெயராகப் பாக்கியத்தை நான் போட்டிருந்ததை நீக்கிவிட்டார்கள். மின்னஞ்சல் முகவரி இல்லையாம்! அவர் பெயருக்குப் பக்கத்தில் என் முகவரியைப் போட்டுத் திரும்ப ஏற்றினேன். அது இன்றும் அங்கே இருக்கிறது.

சான்றிதழையும் நோட்டையும் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தேன். மெமோ இரண்டையும் கிழித்தார். மன்னிப்பு? ஒரு வார்த்தை இல்லை. "சரி சரி, போயி வேலயப் பாருங்க" என்றார். பாக்கியம் வேலையைத்தான் பார்த்தார். முதலில் தேதியை மாற்றினார்.

இப்போது கைபேசி தானாகவே நேரம் பார்த்துக்கொள்கிறது. யாரும் தேதி வைப்பதில்லை. ஆனால் எது நின்றாலும் "நீ என்ன பண்ணுன?" என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்தமுறை உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கருவி நின்றால், அதைத் தொட்டவரைப் பார்க்காதீர்கள். திரையில் வந்த வரியை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.