மச்சாளின் மன்றாட்டும் என் நேர்த்தியும்

எனக்கு மாதவிடாய் நின்றுபோன செய்தி கொட்டாஞ்சேனைக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஒரு புதன்கிழமை, கோயிலில் பின்னேர நவநாள் செபத்தில்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. இடது மார்பை எடுத்து ஏழு மாதம். அதன் பிறகு ஏற்றிய மருந்தில் தலைமயிர் கொட்டியது, வாய் புண்ணானது, மாதாமாதம் வருவதும் நின்றது. "திரும்பி வரலாம், வராமலும் விடலாம்" என்றார் டொக்டர், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. அது வரவில்லை. சூடுதான் வந்தது. நெஞ்சில் தொடங்கி, கழுத்தால் ஏறி, முகமெல்லாம் பற்றும். இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், பிறகு குளிரும். நித்திரை இல்லை. எதற்கெடுத்தாலும் கோபம். கணவர் தேத்தண்ணீரை உறிஞ்சிக் குடித்தால்கூட எழுந்து அடிக்கலாம்போல இருக்கும். பாவம் மனிதர், கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

இதையெல்லாம் நான் மனம்விட்டுச் சொன்னது ஒருத்தியிடம் மட்டும்தான். கணவரின் அக்கா, என் மச்சாள். வயதில் மூத்தவள், 'அவர்' என்று எழுதவேண்டும். எழுதமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள், கஞ்சி காய்ச்சித் தந்தாள், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் கோயிலில் பாடும் ஒரே கொயர். பதினாறு வருடமாகத் திருநாள் பூசையில் மாதா பாட்டைத் தனியாகப் பாடுபவள் நான். பதினாறு வருடமாக எனக்குப் பின்னால் நிற்பவள் அவள். என் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பாட்டுத்தான். திருநாளுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

நவநாளில் மன்றாட்டுக் கடிதங்களை வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். பெயர் போடாமல் எழுதிப் போடலாம்: விசா கிடைக்க, பிள்ளை பாஸாக, புருஷன் குடியை விட. வாசிப்பவர் ஓய்வுபெற்ற கிளாக் ஒருவர். கந்தோரில் கோப்பு வாசித்த பழக்கத்தில், எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார்.

"ஒரு மார்பு அகற்றப்பட்டு, மருந்தினால் மாதவிடாயும் நின்று, குரலும் கெட்டு, இனிப் பாட முடியாத நிலையில் இருக்கும் எங்கள் கொயர் சகோதரிக்காக..."

கொயரில் தலையில் துணி கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துச் சூடும் ஏறியது. வேர்வை சொட்டச் சொட்ட நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாய்ப்புண் இருந்த கொஞ்ச நாள் பாடவில்லை, அது உண்மை. பிறகு தினமும் குளியலறையில் பாடினேன். குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அது மச்சாளுக்கும் தெரியும்.

வாசலில் வைத்துப் பிடித்தேன். "அதை எழுதினது நீங்கள்தானே மச்சாள்?"

"நான் பேர் போடேல்லையே," என்றாள். "செபம்தானே கேட்டனான். அது பிழையே?"

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் கூப்பிட்டார். "இந்த முறை நீங்க ரெஸ்ட் எடுங்கோ. பாட்டை உங்கட மச்சாள் பாடட்டும். அவவே வந்து கேட்டவ."

அவவே வந்து கேட்டவவாம்! அடி பாவி!

"எனக்குப் பாட ஏலும் ஃபாதர்."

"ஏன் உடம்பை வருத்துறீங்க? சனமெல்லாம் கவலைப்படுது."

மூன்று நாள் அவளைச் சபித்தேன். அவளுக்குத் தொண்டை அடைக்கவேண்டும் என்று மாதாவிடமே வெட்கமில்லாமல் கேட்டேன். கணவர் "விடுமப்பா, அக்காதானே" என்றார். "உங்களுக்குத்தான் அக்கா" என்று கத்திவிட்டு ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

புதன்கிழமை கிளாக் ஐயா ஓர் எழுத்து விடாமல் வாசித்தார்: "என் மாதவிடாய் நின்றது உண்மை. என் குரலுக்காகச் சென்ற கிழமை இங்கே மன்றாடிய என் மச்சாளுக்கு நன்றி. மாதா அந்த மன்றாட்டை உடனே கேட்டருளினார். குரல் பழையபடி வந்துவிட்டது. அதற்கு நேர்த்தியாக இந்தத் திருநாளில் மாதா பாட்டை நானே பாடுவேன்."

நானும் பெயர் போடவில்லை.

நேர்த்தி என்றால் எங்கள் சனத்துக்கு நேர்த்திதான். எந்த ஃபாதரும் அதில் கைவைக்கமாட்டார். பூசை முடிந்ததும் பெண்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காதுக்குள், "எனக்கும் இந்தச் சூடு வாறது, துவாயை நனைச்சு பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ" என்றாள். பிறகு எல்லோரும் மச்சாளிடம் போய், "உங்கட செபத்துக்கு என்ன பலம்!" என்று அவள் கையைப் பிடித்தார்கள். மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் அவள் தலையாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

எழுதும்போது நேர்த்தி எதுவும் நான் வைத்திருக்கவில்லை. பொய்தான். கடிதத்தைப் பெட்டியில் போட்டபின் பயம் பிடித்து, உள்ளே போய் முழங்காலில் நின்று, உண்மையாகவே நேர்ந்துகொண்டேன்.

திருநாளன்று கோயில் நிரம்பி வெளியிலும் சனம் நின்றது. இரண்டாம் சரணத்தில் சூடு ஏறியது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஓர்கன் இடையில் வாசிக்கும்போது, பாட்டுப் புத்தகத்தைப் பின்னால் நீட்டி, மைக்கில் விழும்படியே சொன்னேன்.

"மச்சாள், கொஞ்சம் விசிறுங்கோ."

விசிறினாள். அத்தனை சனம் பார்க்கும்போது வேறென்ன செய்வாள்?

அந்தப் பாட்டுக்கு ஆறு சரணம். நேரம் போகிறது என்று எப்போதும் மூன்றோடு நிறுத்திவிடுவோம். அன்று ஆறையும் பாடினேன்.