துவாலுவில் பந்து விளையாடுகிறார்கள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, துவாலு என்ற நாட்டில் முதல்தரக் கால்பந்து லீக் கிடையாது என்று பாரிசிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்னவர் எங்கள் வகுப்பு ஆசிரியை. நல்ல மனுஷி. கத்தமாட்டார், ஒருவரையும் மூலையில் நிறுத்தமாட்டார். அதனால்தானோ என்னவோ, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. அவர் கத்தியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டல்லவா சொன்னார்.

அது உலகக் கிண்ணம் நடக்கவிருந்த வருடம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டைத் தெரிந்தெடுத்து, அந்த நாட்டின் கால்பந்து லீக்கைப் பற்றி ஒரு எக்ஸ்போசே செய்யவேண்டும். பெரிய மட்டையில் படம் ஒட்டி, எழுதி, வகுப்புக்கு முன்னால் நின்று பேசுவதுதான் எக்ஸ்போசே. நாடுகளைப் பிரித்துக் கொடுத்த அன்று நான் காய்ச்சலில் கிடந்தேன். மறுபடி போனபோது பிரேசில் இல்லை, ஸ்பெயின் இல்லை, அல்ஜீரியாவும் மாலியும்கூடப் போய்விட்டன. நீ இலங்கையைச் செய்யலாமே என்றார் ஆசிரியை. வீட்டில் வந்து அதைச் சொன்னதும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அது வேண்டாம் என்று விளங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் மாமா துவாலுவைத் தந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. வன்னியில் யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாடு தொடங்கும்வரை அவருக்கு ஓய்வு. அந்த நேரத்தில்தான் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவார். வீட்டில் எல்லாருக்கும் கால்பந்துப் பைத்தியம். அப்பா பார்க்கிற பெரிய அணிகளை மாமா ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருடைய கைத்தொலைபேசியில் இருந்தது, பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் கிடக்கும் துவாலுவின் லீக் மட்டுந்தான். முடிவுகள் சிலவேளை ஒரு கிழமை பிந்தி வரும், சிலவேளை வராமலே விடும். அவர் காத்திருப்பார். "இல்லாத நாட்டுக்கு மட்ச் பாக்கிறான்," என்று அப்பா பகிடி பண்ணுவார். மாமா சிரித்துவிட்டு மறுபடி கைத்தொலைபேசிக்குள் குனிவார்.

அந்த நாட்டைப் பற்றி நான் கேட்டபோதுதான் அவர் அவ்வளவு நேரம் பேசி முதன்முதலாகக் கேட்டேன்.

"நாடு முழுக்க ஒரே ஒரு கிரவுண்ட்தான் பிள்ளை. பக்கத்திலை பிளேன் இறங்கிற ஓடுபாதை. ஒவ்வொரு தீவாரும் தங்கட தீவுக்கெண்டு ஒரு டீம் வச்சிருக்கினம். தலைநகரத்துக்கு வேலைக்கு வந்த ஆக்கள், வேலை முடிஞ்சு வந்து ஊருக்காக விளையாடுவினம்."

"அப்ப ஏன் உலகக் கிண்ணத்திலை இல்லை?"

"உலகச் சங்கத்திலை சேர்க்கேல்லை. கிரவுண்ட் ஒண்டு காணாதாம், ஹோட்டலும் காணாதாம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமை அந்த மட்டையோடு கிடந்தோம். மாமா ஓடுபாதையைக் கீறினார், நான் கடலுக்கு நீலம் அடித்தேன். தொலைபேசிக் கடையொன்றில் படங்களை அச்செடுத்து வந்தார். பவளப்பாறை மண்ணில் புல் ஒழுங்காக வளராது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக எழுதிய வீட்டுப்பாடம் வேறில்லை.

வகுப்பில் நாட்டின் பெயரைச் சொன்ன உடனேயே பின்வரிசையில் ஒருவன் "துவாலு, து லா வூ?" என்றான். பிரெஞ்சில் அதற்கு 'நீ அதைப் பார்த்தாயா' என்று அர்த்தம். எதுகை நன்றாக அமைந்துவிட்டதால் வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியை அவர்களை அடக்கிவிட்டு, அலுமாரியிலிருந்த உலக உருண்டையை எடுத்துத் தேடினார். அதில் துவாலு இல்லை. பிறகு கணினியில் உலகக் கால்பந்துச் சங்கத்தின் உறுப்பு நாடுகளின் பட்டியலைத் திறந்தார். இருநூறுக்கு மேற்பட்ட நாடுகள். அதிலும் இல்லை.

நாடு ஒன்று இருக்கலாம், ஆனால் பட்டியலில் இல்லாத நாட்டுக்கு முதல்தர லீக் எப்படி இருக்கும் என்று கேட்டார். சங்கத்தில் சேர்க்கவில்லை, ஆனாலும் விளையாடுகிறார்கள் என்றேன். அவர் என் தலையைத் தடவி, உனக்கு நல்ல கற்பனை வளம், கதை எழுதும் பாடத்தில் அதைக் காட்டு என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மாமா கீறிய ஓடுபாதைக்குக் குறுக்காக 'ஆதாரம்?' என்று எழுதினார். பெற்றோருக்கான கொப்பியிலும் ஒரு குறிப்பு எழுதினார். யாழ்ப்பாணத்தில் மல்லாகத்திலோ மானிப்பாயிலோ மழை பெய்ததா என்று கேட்டால் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்வாரோ என்று இன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு மட்டையை மடித்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

நாலரைக்கு மாமா வாசலில் நின்றார். கொப்பியைக் காட்டினேன். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது.

"இது நான் கற்பனை செய்து எழுதினதாம். திரும்பச் செய்யட்டாம்."

"பொய் எண்டே எழுதியிருக்கிறா?"

"ஓம்."

மாமா பொலிசைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறுகிறவர். பதிவுத் தபால் வாங்கவே அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே வரும் பிள்ளைகளுக்கு எதிராகப் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தார். பிடித்த பிடியில் எனக்குக் கை நொந்தது.

ஆசிரியை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் கைத்தொலைபேசியை நீட்டினார். மைதானம், அணிகள், போன கிழமை முடிவுகள். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, இணையத்தில் யாரும் எதையும் எழுதலாம், இதையெல்லாம் ஆதாரமாகக் கொள்ளமுடியாது என்று என்னிடம் சொன்னார். அதை அப்படியே மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் தொலைபேசியைப் பொக்கற்றில் வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"எங்கட ஊரிலையும் டீம் இருந்தது எண்டு சொல்லு. எந்த லிஸ்டிலையும் இல்லை. பேப்பரிலை வரேல்லை, படம் ஒண்டும் மிச்சமில்லை. கிரவுண்டிலை இப்ப ஆமிக் காம்ப். ஆக்கள் இல்லை எண்டதுக்காக டீமே இருக்கேல்லை எண்டு சொல்லேலாது எண்டு சொல்லு."

நான் வாயைத் திறக்குமுன் அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். முதலில் கோல்காப்பாளர், பிறகு பின்வரிசை, பிறகு நடு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரல் மடக்கினார். பத்து விரலும் முடிந்த பிறகு, ஒற்றை விரலை மறுபடி நிமிர்த்திக் கடைசிப் பெயரைச் சொன்னார். கண்களை நிலத்திலிருந்து எடுக்கவேயில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. துப்புரவு செய்ய வந்த பெண் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் சட்டையில் சாம்பார் வாசம். ஆமிக் காம்புக்கும் என் எக்ஸ்போசேக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல் வேறு. அவர் சொன்ன 'ஆக்கள் இல்லை'யை, ஊரைவிட்டு வேறெங்கோ போய்விட்டார்கள் என்று விளங்கிக்கொண்டேன். இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல எனக்குச் சொல்லும் இல்லை, மனமும் இல்லை.

அவர் என்ன சொல்கிறார் என்று ஆசிரியை கேட்டார்.

"துவாலுவில் விளையாடுகிறவர்களின் பெயர்கள்," என்றேன். "பதினொரு பேரும் அவருக்கு மனப்பாடம்."

அந்த விவகாரம் முழுவதிலும் நான் ஆசிரியைக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான். அதைத்தான் அவர் நம்பினார். முகமே மாறிவிட்டது. பதினொரு பேருமா என்று கேட்டார். கதிரையை இழுத்து உட்கார்ந்து, என் மட்டையை எடுத்து விரித்து, பெயர்களை மறுபடி சொல்லச் சொன்னார். மாமா சொல்லச் சொல்ல நான் எழுத்துக்கூட்ட, ஆசிரியை தன்னுடைய அழகான கையெழுத்தில் மைதானத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதினார். அவை எந்த ஊர்ப் பெயர்கள் என்று கேட்கவில்லை. என்னுடைய பெயரின் கடைசிப் பாதியே அதில் ஒரு பெயரில் இருந்தது, அதையும் அவர் கவனிக்கவில்லை. ஆதாரம் கேட்டு எழுதிய அதே கைதான். அன்றைக்கு நல்ல புள்ளியும் போட்டார்.

மாமா அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதி முடிந்ததும், ஆசிரியையை இரண்டு கையாலும் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டார். "நான் சொன்னதெல்லாம் சொன்னனீதானே?"

"ஓம்," என்றேன்.

அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் யுத்தத்தின் கடைசி மாதத்தைத் தாண்டவில்லை என்று என்னுடைய இருபதாவது வயதில் அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குப் பிறகு ஆசிரியைமேல் இருந்த கோபத்தில் பாதியை என் பக்கம் மாற்றவேண்டியிருந்தது. மீதிப் பாதி இன்னும் அவரிடமே இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுப்பதாயில்லை. நான் உண்மையைச் சொன்னபோது அவர் ஒரு தடவை நம்பியிருந்தால், நான் அந்தப் பொய்க்குப் போயிருக்கவே மாட்டேன்.

என் மட்டையைப் பள்ளிக்கூட வாசல் மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். வருடம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. மாமா அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கால்மணி நேரம் முந்தியே வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னுடைய வேலையைத்தான் பார்க்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் அவர் பக்கத்தில் போய் நின்று, "கடலுக்கு அடிச்ச நீலம் நல்லா வந்திருக்கு என்ன மாமா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. வடிவா வந்திருக்கு," என்றார். அவர் கடலைப் பார்க்கவில்லை.