சொம்புத் தண்ணீர்

அரூரில் ஒரு பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. தீபாவளிக்கு முந்தின நாள், அம்மா வீட்டுக்கு அனுப்ப முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் குடித்துவிட்டு வந்தார்.

"உங்கம்மா வூட்டுக்கு எதுக்குடி முறுக்கு?"

அறைந்த அறையில் என் உதடு கிழிந்தது. அதோடு விடாமல், எண்ணெயே பாழாகட்டும் என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்து வடச்சட்டியில் கவிழ்க்கப் போனார்.

தண்ணீர் எண்ணெயோடு கலக்காது. அடியில் இறங்கி, அந்த நொடியே ஆவியாகி, எண்ணெயைத் தூக்கி வீசும். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! 'ஊத்தாதீங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சுவரோரம் நகர்ந்தேன்.

சொம்பு கவிழ்ந்தது. எண்ணெய் வெடித்து அவர் கையிலும் மார்பிலும் அப்பியது. அவர் அலறலுக்குத் தெருவே ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லைங்களா டீச்சர்?"

"எத்தனையோ நாளு போட்டேங்க அக்கா. அப்பல்லாம் உங்க வூட்டு ஜன்னலத்தான சாத்துனீங்க?"

நான் செய்தது தப்புதான். ஆனாலும் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அயர்ந்து தூங்கினேன். அந்தத் தூக்கத்தைத்தான் மறக்க முடியவில்லை.